ஒரே ஆளின் எல்லாப் பாத்திரங்களையும் ஊரறியச் சொல்லச் சொல்வது முறையா?

பின்வாசல் (கேள்வி)

ஜிடிஏ 5 விளையாட்டின் மேல், தனிச் சர்வர் நடத்த வழிசெய்யும் ஃபைவ்எம் மென்பொருளைக் கொண்டு, ஆளுக்கொரு வேடமேற்று நடிக்கும் தமிழ் ரோல்பிளே சர்வர் ஒன்றை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நடத்துகிறோம். வருமானம் எதுவும் இல்லை. சர்வர் வாடகையை எங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஐம்பது அறுபது பேர் வருவார்கள். மெக்கானிக், போலீஸ்காரர், டீக்கடைக்காரர், கடத்தல்காரர் என்று ஆளுக்கொரு வாழ்க்கை. ஒருவர் மூன்று பாத்திரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு பாத்திரமாக அறிந்ததை இன்னொரு பாத்திரம் அறிந்ததுபோல் நடந்துகொள்ளக் கூடாது என்பது மட்டுமே இதுவரை இருந்த விதி.

சென்ற ஆண்டு, ஒரு பெண் விளையாட்டாளரைத் தொடர்ந்து தொல்லைப்படுத்திய ஒருவரை நிரந்தரமாகத் தடை செய்தோம். அவர் எங்கள் அரட்டைத் தளமான டிஸ்கார்டில் வேறு கணக்கு தொடங்கி, அதிகம் பேசாத ஒரு லாரி ஓட்டுநராகத் திரும்பி வந்து, அதே பெண்ணின் பாத்திரத்தோடு ஐந்து வாரம் நட்பாகப் பழகி, அவர் எந்த ஊர், எங்கே வேலை பார்க்கிறார் என்பதையெல்லாம் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. மறுபடியும் தடை செய்தோம். மூன்றாவது பெயரிலும் வந்தார்.

இதனால் கொதித்துப்போன எங்களில் ஒருவர் இரண்டு விதிகளை முன்வைத்திருக்கிறார். முதலாவது, ஒவ்வொருவரும் தம் பாத்திரங்கள் அனைத்தையும் ஒரே பெயரின் கீழ், எல்லோரும் பார்க்கும் பட்டியலில் பதிய வேண்டும். இரண்டாவது, அனுமதிப் பட்டியலில் சேர விரும்புபவர் ஆதார் அட்டையின் படத்தை எங்களுக்கு அனுப்ப வேண்டும். ஆன்லைன் விளையாட்டுக்கு அரசே ஆதார் கேட்கும்போது நாம் கேட்பதில் என்ன தவறு என்பது அவருடைய வாதம். விதி இன்னும் நிறைவேறவில்லை. ஆனால், அவர் கேட்டதன் பேரில் பதினோரு பேர் ஏற்கெனவே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் படத்தை அனுப்பிவிட்டார்கள்.

என்னைத் தயங்க வைத்தது தொல்லைக்கு ஆளான அந்தப் பெண் அனுப்பிய செய்திதான். அவருக்கு இங்கே இன்னொரு பாத்திரமும் உண்டு. ஓர் ஆண், மீன் வியாபாரி. யாரும் வழிந்து பேசாத இரண்டு மணி நேரம் வேண்டும் என்று தோன்றும் நாட்களில் அவர் அந்த மீன்காரராகத்தான் வருவாராம். பொதுப் பட்டியல் வந்தால் வெளியேறிவிடுவேன் என்று எழுதியிருக்கிறார். யாரைக் காக்க விதி போடுகிறோமோ அவரையே விரட்டும் விதியாக இது முடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இதுபோன்ற சமூகங்களை நடத்தியவர்கள், அல்லது வேறு விளையாட்டுகளில் இது எப்படி முடிந்தது என்பதை அறிந்தவர்கள், விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய நெறியாளர்

உங்கள் நண்பரின் முன்மொழிவில் 'இணைத்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஒரு பாத்திரத்தையும் இன்னொரு பாத்திரத்தையும் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை நெறியாளர்கள் மட்டும் பார்ப்பது ஒன்று. அதே முடிச்சை எல்லோர் பார்வைக்கும் வைப்பது வேறொன்று. பாத்திரத்தைப் பெற்றோர் வைத்த பெயரோடும் வீட்டு முகவரியோடும் கட்டுவது இவ்விரண்டிலும் சேராத தனிக் காரியம். தடையை மீறித் திரும்பி வருபவரைப் பிடிக்க முதலாவது போதும். மற்ற இரண்டும் அந்த வேலைக்குக் கூடுதலாக எதையும் தருவதில்லை.

பொதுப் பார்வைக்கு வைப்பதன் விளைவுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். லிண்டன் லேப் 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் உலகில், 2011இல் ரெட்ஸோன் என்ற கருவி பெரும் பூசலைக் கிளப்பியது. ஒருவர் தம் நிலத்தில் அதை வைத்துவிட்டால், உள்ளே வரும் ஒவ்வொருவரின் கணினியும் ஓர் ஊடக இணைப்பைத் திறக்கும்படி செய்து, அதன் வழியாகக் கிடைக்கும் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் எண்ணை) அது குறித்துக்கொள்ளும். பிறகு, ஒரே முகவரியிலிருந்து வந்த பெயர்களையெல்லாம் ஒரே ஆளின் மாற்றுப் பெயர்கள் என்று நிலத்துக்காரருக்குக் காட்டும். பிறர் செய்த பொருள்களைத் திருட்டு நகல் எடுப்பவர்களைப் பிடிப்பதற்கு என்று சொல்லித்தான் அது விற்கப்பட்டது. ஆனால் காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும், தம் நிலத்தில் கால் வைத்தவர் யார் யாராக உலவுகிறார் என்று பார்க்க முடிந்தது. நிறுவனம் அதைத் தடை செய்தது. மேலும், ஒருவரின் மதம், வயது, திருமண நிலை, இருப்பிடம் ஆகியவற்றை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்ற சமூக விதியில், அவருடைய மாற்றுக் கணக்குகளின் பெயர்களும் இடம்பெற்றன. அதாவது, ஒருவரின் இன்னொரு பாத்திரம் எது என்பதும் மதத்தையும் மணவாழ்வையும் போன்றதொரு தனிவிவரம் என்று அங்கே எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது.

இரண்டாவது, ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டு. உங்கள் சிக்கலுக்கு மிக நெருங்கியது இதுதான். அதில் முன்பெல்லாம் ஒருவரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தால் அந்த ஒரு பாத்திரம் மட்டுமே தடுக்கப்படும். அவர் வேறு பாத்திரத்தில் வந்து நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. 2024 கோடையில் வந்த டான்ட்ரெயில் விரிவாக்கத்தின்போது இதைத் திருத்தி, ஒரு பாத்திரத்தைத் தடுத்தால் அந்தக் கணக்கின் எல்லாப் பாத்திரங்களும் சேர்ந்து தடுக்கப்படும்படி செய்தார்கள். தொல்லைக்கு ஆளானவர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்த வசதி அது. ஆனால் அதைச் செய்த விதத்தில், எந்தப் பாத்திரம் எந்தக் கணக்குக்கு உரியது என்பதைக் காட்டும் ஓர் உள் எண், அருகில் இருக்கும் எல்லா விளையாட்டாளர்களின் கணினிக்கும் போய்ச் சேர்ந்தது. திரையில் தெரியாது; தெரிந்தவர் தோண்டினால் கிடைக்கும். பிளேயர்ஸ்கோப் என்ற செருகுநிரல் அதைத் தோண்டியெடுத்து, ஒரே ஆளின் பாத்திரங்களைத் தொகுத்துக் காட்டத் தொடங்கியது. பின்தொடர்பவர்களிடமிருந்து ஒளிந்துகொள்வதற்காகப் புதுப் பாத்திரம் படைத்தவர்களின் ஒளிவிடம் போயிற்று. 2025 ஜனவரியில் தயாரிப்பாளர் நவோகி யோஷிடாவே அறிக்கை வெளியிட்டு, கருவியை நீக்கும்படி கேட்பதாகவும் சட்ட நடவடிக்கையையும் ஆராய்வதாகவும் சொல்ல நேர்ந்தது.

கவனித்துப் பாருங்கள்: அங்கே முடிச்சுப் போட்டதில் தவறில்லை. முடிச்சைத் தங்கள் சர்வருக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் வெளியே அனுப்பியதுதான் தவறு. உங்கள் நண்பரோ அதே முடிச்சைத் தாமே எழுதி வாசலில் ஒட்டச் சொல்கிறார்.

மூன்றாம் ஜாமம்

மேலே எழுதிய நண்பரின் தகவல்களை மறுக்கவில்லை, முடிவைத்தான் மறுக்கிறேன். ஒருவர் பெயரை மறைத்துக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை மறைத்துக்கொண்டவர் கொடுப்பதில்லை, ஏமாந்தவர்தான் கொடுக்கிறார். ஐந்து வாரம் நட்பென்று நம்பிப் பேசிய அந்தப் பெண் கொடுத்தது அதைத்தான்.

வேடம் போட்டால்தான் ஆட்டம் என்பது எனக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர் யார், பகலில் அவர் எந்தக் கடையில் உட்கார்ந்திருப்பார் என்பது ஊருக்கே தெரியும். அதனால் கூத்து கெட்டுப்போவதில்லை. விடிய விடிய உட்கார்ந்து அழுபவர்கள் அழத்தான் செய்கிறார்கள். வேடத்துக்குப் பின்னால் இருப்பவரைத் தெரிந்துகொண்டால் ஆட்டமே போய்விடும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தச் சிக்கல் புதியதும் அல்ல. செராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் பேவல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்ப்டாமூ என்ற எழுத்துவழி உலகில், 1993இல் மிஸ்டர் பங்கிள் என்ற பாத்திரம், மற்றவர்களின் பாத்திரங்கள் தாமே செய்வதுபோல் காட்டும் ஒரு நிரலைக் கொண்டு, பொதுக்கூடத்தில் பலர் முன்னிலையில் அவர்கள்மீது பாலியல் வன்முறையை எழுத்தில் அரங்கேற்றியது. உறுப்பினர்கள் கூடி விவாதித்தும் முடிவு எட்டாத நிலையில், நிர்வாக அதிகாரம் பெற்ற ஒருவர் அந்தப் பாத்திரத்தை அழித்தார். அத்தோடு முடிந்ததா? இல்லை. அதே ஆள் சில நாட்களில் டாக்டர் ஜெஸ்ட் என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதேபோல் ஒருவர் உங்கள் சர்வருக்கு லாரி ஓட்டுநராக வருகிறார் என்றால், பெயரை மட்டும் தண்டித்து ஆளை விட்டுவிடும் இந்த முறை எதற்கு?

இன்னொன்றையும் கேட்கிறேன், இதற்கு நேரான பதில் வேண்டும். முடிச்சு நெறியாளர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்கிறீர்கள். அந்த நெறியாளர் யார்? அவரும் அதே சர்வரில் விளையாடுபவர்தான். அவருக்கு அங்கே கூட்டாளிகள் உண்டு, பகைவர்களும் உண்டு. எதிர்க் கும்பலின் தலைவரும் தன் கடைக்கு வரும் மெக்கானிக்கும் ஒரே ஆள் என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், ஆட்டத்தில் அவர் கை ஓங்காதா? தன் நண்பரின் மாற்றுக் கணக்கைக் கண்டும் காணாமல் விட்டால் கேட்பவர் யார்? பொதுப் பட்டியல் இருந்தால் எல்லோரும் எல்லோரையும் சரிபார்க்கலாம். ரகசியப் பட்டியல் சிலர் கையில் இருக்கும் ஆயுதம்.

உப்பளம்

பொதுப் பட்டியல் பற்றிய விவாதத்தை நீங்கள் நடத்துங்கள். ஆதார் படம் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். தரவுப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்ப்பதால், பதினோரு அட்டைகள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கின்றன என்று படித்ததும் பதறிவிட்டது.

முதலில், 'அரசே கேட்கிறது' என்ற வாதம். தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் 2025ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆதார் வழியாகச் சரிபார்க்கச் சொன்னதும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை விளையாடத் தடை விதித்ததும் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவ்விதிமுறைகளைச் செல்லும் என்று தீர்ப்பளித்ததும் அந்த எல்லைக்குள்தான். ரம்மியில் சொத்தை இழந்தவர்களைக் கருதி எழுதப்பட்ட விதியை, பொய்யான ஊரில் பொய்யான டீ விற்பவர்களுக்குப் பொருத்த முடியாது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்டுப் பெற வழிசெய்த ஆதார் சட்டத்தின் பிரிவு 57ஐ உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் கட்டுப்படுத்தியதையும் உங்கள் நண்பர் மறந்துவிட்டார். உங்கள் சர்வரில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்கள் அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடையாள எண் கேட்டால் போலிகள் ஒழிவார்கள் என்ற நம்பிக்கையை ஒரு நாடே பத்தாண்டுக்கு மேல் சோதித்துப் பார்த்துவிட்டது. தென்கொரியாவில் ஆன்லைன் விளையாட்டில் கணக்குத் தொடங்கக் குடியிருப்புப் பதிவு எண்ணைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நம் ஆதார் போலப் பிறப்பு முதல் இறப்பு வரை ஒட்டிக்கொண்டிருக்கும் எண் அது. 2006இல், லீனியேஜ் என்ற பாத்திர விளையாட்டில் தங்கள் எண்ணில் யாரோ கணக்கு வைத்திருப்பதைப் பல்லாயிரக்கணக்கானோர் கண்டுபிடித்தார்கள். அவர்களில் பலர் அந்த விளையாட்டைத் தொட்டதுகூட இல்லை. விளையாட்டுக் காசைத் திரட்டி விற்கும் கும்பல்களுக்குத் திருட்டு எண்கள் கணக்கற்ற முகமூடிகளாகப் பயன்பட்டன. ஆக, எண் கேட்டதால் முகமூடி ஒழியவில்லை. அதற்கு இன்னொரு உயிருள்ள மனிதரின் பெயர் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

பிறகு 2007இல், பெரிய இணையதளங்களில் கருத்து எழுதுபவர்கள் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. அதன் பலனாக நிறுவனங்களின் கிடங்குகளில் பதிவு எண்கள் குவிந்தன; குவிந்த இடத்துக்குத் திருடர்கள் வந்தார்கள். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு ஆகிய தளங்களிலிருந்து மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. அதே ஆண்டு நவம்பரில் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 32 லட்சம் பேரின் விவரங்கள் போயின. 2012 ஆகஸ்ட் 23 அன்று அந்நாட்டு அரசியல்சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆடக் கூடாது என்று 2011இல் வந்த தடையும் பிற்பாடு கைவிடப்பட்டது. பிள்ளைகள் அம்மாவின் எண்ணையோ அப்பாவின் எண்ணையோ போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் லாரி ஓட்டுநருக்கு ஓர் அண்ணனோ சித்தப்பாவோ இருக்க மாட்டாரா? அவர் அட்டையின் படம் கிடைக்காதா?

கோடிக்கணக்கில் செலவழிக்கும் நிறுவனங்களாலேயே காக்க முடியவில்லை என்பதற்குப் பழங்கதை வேண்டாம். 2025 அக்டோபரில், டிஸ்கார்டுக்கு வாடிக்கையாளர் சேவை செய்துவந்த ஒரு வெளி நிறுவனத்தின் வழியே நடந்த ஊடுருவலில், வயதை நிரூபிக்கப் பயனர்கள் அனுப்பியிருந்த அரசு அடையாள அட்டைகளின் படங்கள், ஏறத்தாழ 70,000 பேருடையவை, வெளியே போயிருக்கலாம் என்று டிஸ்கார்டே அறிவித்தது. நீங்கள் ஐந்து பேர், ஐந்து கைபேசிகள்.

கடைசி பெஞ்சு

தத்துவம் எனக்கு வராது. ஃபைவ்எம் கொஞ்சம் தெரியும். ஒருவர் சர்வருக்குள் நுழையும்போதே ஜிடிஏவைத் தயாரித்த ராக்ஸ்டாரில் அவர் வைத்திருக்கும் கணக்கிலிருந்து வரும் லைசென்ஸ் அடையாளம், விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் செயலி திறந்திருந்தால் அதன் எண், டிஸ்கார்ட் எண், ஐபி முகவரி எல்லாம் உங்கள் சர்வருக்கு வந்துவிடுகின்றன. புது டிஸ்கார்ட் கணக்கு தொடங்க ஐந்து நிமிடம் போதும், காசும் இல்லை. புது லைசென்ஸ் வேண்டுமென்றால் இன்னொரு ராக்ஸ்டார் கணக்கில் விளையாட்டை மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும். மூன்று முறை அதைச் செய்யும் அளவுக்கு அந்த ஆளுக்கு வெறியா, அல்லது நீங்கள் டிஸ்கார்டில் ரோலை (அவருக்குக் கொடுத்திருந்த அனுமதியை) மட்டும் பிடுங்கியதோடு 'தடை செய்துவிட்டோம்' என்று இருந்துவிட்டீர்களா? முதலில் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஐபி முகவரி ஒத்துப்போகிறது என்பதற்காக யாரையும் ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊர் மொபைல் இணையத்தில் ஒரே வெளி முகவரியை ஏராளமான சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். கல்லூரி விடுதியில் ஒரு வைஃபைக்குள் நாற்பது பேர் இருப்பார்கள். ஒரே கணினியில் அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஆடும் வீடுகள் எத்தனையோ. நான் பார்த்த ஒரு சர்வரில் தம்பி செய்த குற்றத்துக்கு அக்காவைத் தடை செய்து, அவர் நிரூபிக்க வழியில்லாமல் போய்விட்டார். அடையாளம் பொருந்தினால் அது விசாரணையின் தொடக்கமாக இருக்கட்டும்.

அடுத்தது, ஆதாரைவிட எளிய சல்லடை ஒன்று இருக்கிறது. டிஸ்கார்டின் நீண்ட பயனர் எண்ணுக்குள்ளேயே அந்தக் கணக்கு தொடங்கிய நேரம் பொதிந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லிநொடிகள் அவை. அதைப் பிரித்துக் காட்டும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) இலவசமாகவே கிடைக்கின்றன. தொடங்கி மூன்று நாளான கணக்கிலிருந்து விண்ணப்பம் வந்தால், ஒரு மாதம் காத்திருக்கச் சொல்லுங்கள். யாருடைய பெயரும் ஊரும் தேவையில்லை.

பழைய நெறியாளர்

மூன்றாம் ஜாமம் அவர்களுக்கு. கூத்து உவமை அழகாக இருக்கிறது; ஆனால் கூத்தில் துரியோதனனைப் பார்க்க வருபவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். பார்ப்பவர் ஆடுபவரை அறிவார், ஆடுபவரும் பார்ப்பவரை அறிவார். வம்பு செய்தால் மறுநாள் காலையில் பஞ்சாயத்து இருக்கும். இணையத்தில் அறிதல் ஒருபக்கமாகவே நடக்கிறது; பட்டியலில் தம் பெயரை உண்மையாக எழுதுபவர்கள் நல்லவர்கள், அதை உட்கார்ந்து படிப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. தவிர, கூத்தில் திரௌபதி வேடம் கட்டுபவர் வழக்கமாக ஆண்தான். அவரை மேடைக்குப் பின்னால் போய் யாரும் பின்தொடர்வதில்லை. மீன் வியாபாரி வேடம் கட்டும் பெண்ணுக்கு அந்த நிம்மதி இல்லை என்பதுதானே இங்கே பிரச்சினை? தமிழில் மனைவியின் பெயரில் எழுதிப் புகழ்பெற்ற ஒரு பொறியாளரை நாம் எல்லோரும் அறிவோம். பெயரை மாற்றிக்கொள்வது எல்லாம் ஏமாற்று என்று நாம் ஒருநாளும் நினைத்ததில்லை.

உண்மைப் பெயரால் ஒழுக்கம் வரும் என்று நம்பியவர்களுக்கு 2010 ஜூலையில் மூன்றே நாளில் பாடம் கிடைத்தது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டை நடத்தும் பிளிஸார்ட், இனித் தன் கருத்துப் பலகைகளில் எழுதுபவர்களின் உண்மைப் பெயர் தெரியும் என்று 6ஆம் தேதி அறிவித்தது. இதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக அதன் ஊழியர் ஒருவர் தம் பெயரை வெளியிட்டார். அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு சற்று நேரத்துக்குள் அவருடைய தனிவிவரங்களைத் தோண்டியெடுத்துப் போட்டுவிட்டார்கள். 9ஆம் தேதி நிறுவனத் தலைவர் மைக் மோர்ஹைம் திட்டத்தைக் கைவிட்டார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தத் திட்டத்தைக் கண்டித்து, விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் குறிக்கும் ஈஎஸ்ஆர்பி என்ற அமெரிக்க வாரியத்துக்கு எழுதியவர்களுக்குப் பதில் அனுப்பிய அந்த வாரியம், ஏறத்தாழ ஆயிரம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளை ஒருவருக்கொருவர் தெரியும்படி அனுப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டது.

லாம்ப்டாமூவைப் பொறுத்தவரை, டாக்டர் ஜெஸ்ட் திரும்பி வந்தது உண்மை. ஆனால் அவர் யாரென்று மற்றவர்கள் விரைவிலேயே உணர்ந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அங்கே எவருடைய வீட்டு முகவரியும் தேவைப்படவில்லை.

நெறியாளரின் அதிகாரம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் என்னிடம் முழுமையான பதில் இல்லை. அது நியாயமான கேள்வி. நானே ஒரு காலத்தில் நெறியாளராக இருந்தபோது, எனக்குப் பிடிக்காத ஒருவரின் மாற்றுப் பாத்திரம் எது என்று ஓர் இரவு காரணமே இல்லாமல் பார்த்திருக்கிறேன். பார்த்ததை எதற்கும் பயன்படுத்தவில்லை; ஆனாலும் அதன்பிறகு அவரோடு இயல்பாக ஆட முடியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் செய்த ஏற்பாடு இது: முடிச்சைத் திறந்து பார்க்கும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும், அந்த இருவரும் கும்பல்களிலோ காவல்துறையிலோ பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது, யார், எப்போது, எந்தப் புகாரின் பேரில் திறந்தார் என்பது மற்ற நெறியாளர்களுக்குத் தெரியும்படி தானாகப் பதிவாக வேண்டும். இதனால் சந்தேகம் முழுவதும் தீர்ந்துவிடாது. ஆனால் காரணமில்லாமல் திறந்து பார்த்தவர் மறுநாள் காரணம் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் ஜாமம்

அந்தப் பதிவேட்டு ஏற்பாடு இருந்தால் என் எதிர்ப்பில் பாதி குறையும். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது: தொல்லைக்கு ஆளானவர், 'என்னோடு இப்போது பேசிக்கொண்டிருப்பவர் அந்த ஆளா?' என்று கேட்டால், நெறியாளர் என்ன பதில் சொல்வார்?

பின்வாசல்

எல்லோருக்கும் நன்றி. கடைசி பெஞ்சு சொன்னபடி நேற்றிரவு பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். மூன்று பெயர்களுக்கும் ஒரே லைசென்ஸ் அடையாளம். முதல் தடையின்போது நாங்கள் டிஸ்கார்ட் ரோலை மட்டும் நீக்கியிருக்கிறோம். சர்வரில் தடையே போடவில்லை. அந்த ஐந்து வாரமும், அவர் ஒவ்வொரு இரவும் உள்ளே வரும்போது, அவர் யார் என்பதை எங்கள் சர்வர் எங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. அந்தத் தடையைப் போட்டவன் நான் என்பதால், மற்ற நால்வரிடமும் அந்தப் பெண்ணிடமும் இதை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பொதுப் பட்டியல் இல்லை என்று நால்வர் ஒப்புக்கொண்டோம். முன்மொழிந்த நண்பர் வாக்களிக்காமல் இருந்துவிட்டார். பாத்திரங்களின் முடிச்சைப் பார்க்கும் உரிமை இருவருக்கு மட்டும் என்றும், பார்த்தது பதிவாக வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறோம். எனக்குக் காவல் ஆய்வாளர் பாத்திரம் இருப்பதால் அந்த இருவரில் நான் இல்லை. புதிய கணக்குகளுக்கு ஒரு மாதக் காத்திருப்பும் உண்டு.

மூன்றாம் ஜாமம் கேட்ட கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண்ணிடமே யோசனை கேட்டேன். 'யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அவர் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்' என்றார். அப்படியானால் 'இல்லை' என்று சொல்லாத ஒவ்வொரு முறையும் 'ஆம்' என்று சொன்னதாக ஆகிவிடுமே என்று எங்களுக்குள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இதற்கு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஆதார் படங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் எங்கள் ஐந்து பேரின் கேலரியிலும் தானாகவே சேமிக்கப்பட்டிருந்தன; இருவருடைய கைபேசியில் அவை கூகுள் போட்டோஸுக்கும் ஏறியிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி அழித்து, பதினோரு பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன். ஒன்பது பேர் பதில் சொல்லிவிட்டார்கள். மீதி இருவரில் ஒருவர் அனுப்பியிருந்தது அவருடைய அட்டை அல்ல. பிறந்த ஆண்டைப் பார்த்தால் அவருடைய அப்பாவுடையதாக இருக்க வேண்டும்.